பெரியம்மாவின் பெயரில் ஒரு வங்காளப் பெண்

கடல் கடந்து வாழ்பவர்களுக்குத் தமிழும் கலைகளும் கற்பிக்க மெயின்லேண்டில் ஓர் அமைப்பு இருந்தது. நாங்கள் இருந்த அந்தமானின் போர்ட் பிளேரும் இந்தியாவில்தான் இருந்தது. ஆனாலும் நடுவே நான்கு நாள் கப்பல் பயணம் இருந்ததால், எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். எங்கள் கடை மாடியில் அக்கா நடத்திய மாலை வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் அங்கீகாரமும் புத்தகங்களும் வரும். அக்காவுக்கு ஆசிரியை வேலையும் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த கப்பலில் அவளை ஊருக்கு அனுப்பிக் கல்யாணத்தை முடித்துவிடுவதாக அத்தா சொல்லியிருந்தார்.

நாங்கள் பதினொரு பேர்தான் இருந்தோம்.

"தலைதானே வேணும் மச்சான்? பஜார் பூரா தலைதான்" என்று அம்மாவின் தம்பியான மாமா அத்தாவிடம் சொன்னார்.

ஆய்வாளர் வர இரண்டு மாதம் இருந்தது. கடை மிட்டாயைக் காட்டி, வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் வீட்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை மாமா மாடியேற்றினார். பதிவேட்டில் எழுத அவருக்குத் தோன்றிய பெயர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்களுடையவை. தெருவில் என்னோடு ஹிந்தியில் சண்டை போடும் வங்காளப் பெண்ணுக்கு என் பெரியம்மாவின் பெயர் கிடைத்தது.

பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கப் பழக்கினால் போதும் என்பது மாமாவின் திட்டம். அக்காவோ அவர்களுக்கு அகரத்திலிருந்து தொடங்கினாள். எங்கள் பக்கம் திரும்பவே அவளுக்கு நேரமில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆய்வாளர் வந்து பெயர்களை வாசித்தார். பெரியம்மாவின் பெயருக்கு யாரும் எழவில்லை. மாமா கண்ணைக் காட்டினார்.

"அரே, அது மேரா நாமா?" என்று வங்காளப் பெண் என்னிடம் உரக்கவே கேட்டாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல் சார். பேரே மறந்துபோச்சு" என்றார் மாமா.

ஆய்வாளர் ஓரமாகக் கிடந்த, பருப்பு மடித்து வந்த பழைய தமிழ்ப் பத்திரிகைத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைப் படிம்மா."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தினாள். "நா...ளை... மழை... வரும்."

ஆய்வாளர் அக்கா பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லும்மா. இதுல தமிழ்ப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

"பதினொண்ணு சார். படிக்கிறது முப்பது."

மாமா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா கப்பலேறுவது உறுதி என்று நானும் நினைத்தேன். ஆய்வாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, "பேரை மட்டும் சரி பண்ணிடுங்க" என்றார்.

தன் தந்திரம்தான் பலித்தது என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை அக்கா பத்தொன்பது பெயர்களையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அவரவர் பெயரை அவரவர் கையாலேயே தமிழில் எழுத வைத்தாள். பக்கம் முழுக்கக் கிறுக்கலாயிற்று. என் பெயர் அதே பக்கத்தில் அழகாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, இந்தக் கோணல் எழுத்துகளை அவள் ஏன் அப்படிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை.