செல்வியைத் தேடித் திண்டிவனம் போனது

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திண்டிவனம் ரயில் பாதையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டியில் ஒன்றேகால் மணி நேரம். 1986-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்து வண்டியில் நானும் ரோஸ்மேரியும் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. இரண்டு பேருக்கும் பதினேழு வயது. வீட்டுப் பெரியவர்கள் இல்லாமல் ரயில் ஏறியது எனக்கு அதுதான் முதல் தடவை. பயம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. போகிற காரியம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

காரியம் இதுதான். ப்ளஸ் டூ முடிவு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தவள் தமிழ்ச்செல்வி. ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்துப் பதினான்கு. ஆனால் மதிப்பெண் பட்டியல் வாங்க அவள் வரவேயில்லை. அவள் ஊரான கண்டாச்சிபுரத்துக்கு நான் போட்ட கார்டுக்கு அவள் அப்பா பதில் எழுதியிருந்தார்: பாப்பா திண்டிவனத்தில் அத்தை வீட்டில் இருக்கிறது. கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்க சனிக்கிழமை கடைசி நாள். பட்டியலைக் கையெழுத்துப் போட்டு அவளேதான் வாங்க வேண்டும். பள்ளி அலுவலகம் நாலரைக்கு மூடிவிடும். "நீங்கள் இரண்டு பேரும் போய்க் கையோடு அழைத்து வாருங்கள்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

செல்வி எனக்கு இரண்டு வருடம் பெஞ்சுத் தோழி. ரோஸ்மேரிக்கு விடுதி அறைத் தோழி. ரோஸ்மேரி முகையூர்ப் பெண். வாலிபால் ஆடுவாள், கோயில் பாட்டுக் குழுவில் பாடுவாள், எதற்கும் சட்டென்று கோபப்படுவாள். எனக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு. செல்வி பேசமாட்டாள், கேட்பாள். விடுதியில் பாதிப் பெண்களுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவள்தான். யார் சொன்னாலும் அவர்கள் சொல்வதுபோலவே எழுதுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அவள் மட்டும்தான். ஆகவே ரயிலில் ஏறியதும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையின் மொலாசஸ் வாசனை பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. ஜன்னல் கதவை இறக்க எழுந்தபோது என் பையிலிருந்து ஒரு காகிதம் கீழே விழுந்தது. ரோஸ்மேரி எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, செல்வி பேரு போட்டிருக்கு?"

"காலேஜ் அப்ளிகேஷன். அவளுக்கும் சேர்த்து வாங்கி வச்சிருக்கேன். நாங்க ரெண்டு பேரும் பி.எஸ்ஸி மேத்ஸ் சேரப் போறோம்."

ரோஸ்மேரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்தாள். அதுவும் விண்ணப்பம்தான். வேலூரில் நர்சிங் படிப்புக்கு. அதிலும் மேலே பென்சிலால் "தமிழ்ச்செல்வி" என்று எழுதியிருந்தது.

"நானும் அவளும் வேலூர் போறோம். பிப்ரவரியிலயே பேசிட்டோம்" என்றாள்.

"எங்கிட்ட மார்ச்சுல மேத்ஸுன்னு சொன்னாளே."

"சும்மா சொல்லாத."

"நான் ஏன் சும்மா சொல்லப் போறேன்?"

எதிரில் ஒரு அம்மா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி வருகிறவரை நாங்கள் வாதாடியதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டார்: "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே பொண்ணைத்தான தேடிக்கினு போறீங்க?"

இரண்டு பேரும் காகிதங்களைப் பைக்குள் வைத்தோம். பேரணி, மைலம் என்று நிலையங்கள் போயின. விடுதியில் அவள் எப்படி இருப்பாள் என்று ரோஸ்மேரி சொன்னாள். இரவு படுக்கையில் கையை மடக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதை சொல்வாளாம். வகுப்பில் இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. நான் சொன்ன செல்வியை ரோஸ்மேரி நம்பவில்லை. அவள் சொன்ன செல்வியை நானும் நம்பவில்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்குத் திண்டிவனம் நிலையத்துக்கு வெளியே வந்தோம். சைக்கிள் ரிக்ஷாக்காரர் செஞ்சி ரோட்டுக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார். அத்தை வீட்டு அடையாளமாக எங்களிடம் இருந்தது அவள் அப்பா எழுதிய ஒரே வரிதான்: செஞ்சி ரோடு, நர்சரி பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்.

"எந்த நர்சரிம்மா? இந்த வருசம் மட்டும் இந்த ரோட்ல மூணு தொறந்துகினாங்க. போர்டு மாட்டுனா ஸ்கூலு" என்றார் அவர். மூன்றையும் காட்டிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். இரண்டாவது பள்ளிக்கு அடுத்த வீட்டு வாசலில் செல்வியின் அத்தை சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"விழுப்புரத்துப் பொண்ணுங்களா? உள்ள வாங்க கண்ணு. செல்வியா? அது டீச்சரு வேலைக்குப் போய்ட்டிருக்கு. தோ, பக்கத்து ஓட்டு வீடுதான்."

அந்த ஓட்டு வீட்டில் இருபது குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தன. செல்வி புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை தாவணி தவிர வேறு எதிலும் நாங்கள் அவளைக் கண்டதில்லை. ஒரு குழந்தை "மிஸ், ஆளு வந்துகிறாங்க" என்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்படவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. "பதினொன்னரைக்கு பெல். அதுவரைக்கும் உக்காருங்க" என்று சுவரோரப் பலகையைக் காட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு பழைய இந்தியப் படம் மாட்டியிருந்தது. அவள் குச்சியால் ஒவ்வோர் ஆறாகத் தொட, பிள்ளைகள் கத்தின. பாலாறு என்றதும் ஒரு பையன் "அதுல தண்ணியே இல்ல மிஸ்" என்றான். செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். ரோஸ்மேரி என் தொடையில் இடித்தாள். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

மணி அடித்ததும் மூன்று பேரும் பின்பக்கம் குழாயடியில் நின்றோம். நான் என் விண்ணப்பத்தை நீட்டினேன். ரோஸ்மேரி அவளுடையதை நீட்டினாள். செல்வி இரண்டையும் வாங்காமல் இரண்டையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருகிட்டயும் சரின்னுதான் சொன்னேன்."

"ஏன்?" என்றேன்.

"நீ கேக்கறப்ப நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. இவ கேக்கறப்ப அழுதுகினு இருந்தா. அப்ப எப்படி மாட்டேங்கறது?"

"அப்ப எங்கிட்ட சொன்னது பொய்" என்றேன்.

"சொல்றப்ப பொய்யா சொல்லல கலா. அன்னிக்கு அதுதான்னு நெனச்சுகினுதான் சொன்னேன். எங்கப்பா கலெக்டராவணும்ன்னாரு. அவருக்கும் சரின்னுட்டேன்."

ரோஸ்மேரி கேட்டாள்: "சரி, உனக்கு இன்னாதான் புடிக்கும்?"

செல்வி குழாயை மூடினாள். அது சரியாக மூடவில்லை. மறுபடி திருகினாள். "தெரியல. ரிசல்ட்டு பாத்த அன்னிக்கு எல்லாரும் வந்து இன்னா படிக்கப் போற, இன்னா படிக்கப் போறன்னாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னேன். ராத்திரி எண்ணிப் பாத்தா ஏழு வந்துச்சு. அதான் இங்க வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் சரி சொன்னவள்மேல் கோபப்படுவதா, சரியை வாங்கிக்கொண்டு அதற்குமேல் ஒரு கேள்விகூடக் கேட்காத எங்கள்மேலா?

அத்தை கேப்பைக் கூழும் மாங்காயும் கொடுத்தார். மதிப்பெண் பட்டியலையாவது வாங்கிக்கொள் என்று நாங்கள் சொன்னதற்குச் செல்வி மறுப்பில்லாமல் கிளம்பினாள். அதற்கும் சரி என்றாள். அந்தச் "சரி"யைக் கேட்க எனக்கு இப்போது பயமாக இருந்தது.

பகல் ஒன்று இருபதுக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ். கட்டணம் மூன்று ரூபாய் இருபது காசு. மூன்று பேர் சீட்டில் செல்வி ஜன்னலோரம், நான் நடுவில். அனல் காற்று. கூட்டேரிப்பட்டில் மைலம் போகிறவர்கள் இறங்குவதற்காகப் பஸ் பத்து நிமிடம் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு பத்துக் காசுக்கு இரண்டு. வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தபோது செல்வி கேட்டாள்:

"கலா, நீ எதுக்கு மேத்ஸ் எடுக்கற?"

நன்றாக ஒரு பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நீ எடுக்கறேன்னு சொன்னியே, அதான்."

"நீ மொதல்ல சொன்னதாலதான நான் சரின்னேன்."

"இல்ல, நீதான் மொதல்ல சொன்ன."

யார் முதலில் சொன்னது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. கணக்கில் எனக்கு இருநூறுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ரோஸ்மேரி பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "நீ இல்லாம நான் வேலூரு போவேனான்னு எனக்கே தெரியல" என்றாள் செல்வியைப் பார்க்காமல்.

இரண்டு ஐம்பதுக்கு விழுப்புரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் பள்ளிப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். செல்வி நின்றுவிட்டாள்.

"நீங்க இங்கியே இருங்க. நான் மட்டும் போறேன்."

"எச்.எம். எங்களைத்தான கூட்டிக்கினு வரச் சொன்னாங்க" என்றேன்.

"நீங்க பக்கத்துல இருந்தா நான் உங்களுக்கு எது வேணுமோ அதைச் சொல்லிடுவேன்" என்றாள். சாலையைக் கடந்து போய்விட்டாள்.

நாங்கள் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்தோம். மூன்றரை ஆனது. நாலு ஆனது. ரோஸ்மேரியுடன் தனியாக அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. அவள் அக்காவும் நர்சிங் படிக்கப் போனாளாம். போன முதல் மாதமே வீட்டு நினைவில் திரும்பி வந்துவிட, ஊரே சிரித்ததாம். தானும் அப்படித் திரும்பிவிடுவோமோ என்ற பயத்தில்தான் பிப்ரவரியில் அழுதாளாம். "செல்வி வந்தா திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். கோலி சோடா ஒன்று வாங்கி இரண்டு பேரும் குடித்தோம்.

நாலு பதினைந்துக்குச் செல்வி வந்தாள். கையில் பழுப்பு உறை. முகம் கழுவியதுபோல் இருந்தது. அழுதாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

"இந்த வருசம் ஒண்ணும் சேரலன்னு சொல்லிட்டேன். மார்ச் வரைக்கும் அந்தப் புள்ளைங்களுக்கு சொல்லித் தர்றேன். அதுக்குள்ள யோசிக்கறேன்."

"எச்.எம். இன்னா சொன்னாங்க?" என்றாள் ரோஸ்மேரி.

"மார்க் ஷீட்டை எடுத்து வச்சாங்க. அப்புறம் எங்க கையெழுத்து போடணும்னு காட்டுனாங்க."

"ஆயிரத்துப் பதினாலு மார்க்கு வாங்கிட்டு ஒரு வருசம் சும்மா இருப்பாங்களா?" என்றேன்.

"மார்க்கு அங்கியேதான் இருக்கும் கலா" என்றாள்.

சரி என்று சொல்லாமல் அவள் எனக்குச் சொன்ன முதல் பதில் அது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. நாலரை பஸ்ஸில் அவள் திண்டிவனம் திரும்பினாள். ஐந்து மணிக்கு ரோஸ்மேரி முகையூர் பஸ்ஸில் ஏறினாள். தன் விண்ணப்பத்தை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு, செல்வியுடையதைக் கிழிக்க மனமில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி ஆகஸ்டில் வேலூருக்குத் தனியாகப் போனாள். முதல் வாரம் அழுததாகவும் இரண்டாம் வாரம் அழ நேரமில்லை என்றும் கார்டு போட்டாள். திரும்பி வரவில்லை. செல்வி அடுத்த ஆண்டு புவியியல் சேர்ந்தாள். அவள் எண்ணிய அந்த ஏழில் அது இல்லை. நான் அந்தச் சனிக்கிழமை கல்லூரி வாசலில் நின்றபடியே வணிகவியல் என்று எழுதினேன். அன்று ஏன் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். பிடித்துப்போனது பிறகுதான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி, பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தேன். காலையில் கடந்த அதே கடைகள், அதே ரயில்வே கேட். எங்கேயோ இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவள்போல் நடந்தேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போன காரியம் ஆச்சா?"

"ஆச்சும்மா."

"நாளைக்குக் கடைசி நாளு. உன் காலேஜ் பாரம் எழுதி முடிச்சுட்டியா?"

"எல்லாம் எழுதிட்டேன். ஒரு எடம்தான் பாக்கி."

"எந்த எடம்?"

"என்ன படிக்கப் போறங்கற எடம்."

அம்மா கையை நிறுத்தினாள். "அது உனக்குத் தெரியுமேடி."

"காலையில தெரிஞ்சுதும்மா" என்றேன்.