படுத்திருந்தவளுக்கு வந்த அரிசி

இந்த மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் போன முதல் விஷயம் மழை. நான் பிறந்தது நாமக்கல் பக்கம், வானம் பார்த்த பூமி. அங்கே விடியலில் மழை பெய்தால் வீட்டில் ஒருத்தரும் தங்கமாட்டார்கள், ஏரையும் விதைக்கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கல்யாணமான கையோடு மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். இங்கே விடியலில் மழை பெய்தால் தொழிலாளர் வீடுகள் இருந்த லயமே திரும்பிப் படுத்துக்கொண்டது. பட்டை நனைந்தால் ரப்பர் பால் மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும், அதனால் இன்றைக்கு வெட்டு இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வேலை இல்லாத நாள் என்று ஒன்று உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா என் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரித்தார். "மழைக்கு லீவுதான் அஞ்சலை. வயித்துக்குத்தான் லீவு கெடையாது," என்றார். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை என்பது சம்பளத்தன்றுதான் எனக்கு உறைத்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகன் செல்வராசு. அவனுக்கே அறுபது ஆகப் போகிறது. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் வயதானவர்களுக்கு ஒரு சுற்றுலா அறிவித்தார்கள். பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றிலும் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளுமாம். துணைக்கு ஒருவர் வரலாமாம். என் பெயரை மருமகள் கொடுத்துவிட்டு வந்தாள். செல்வராசுவுக்குப் பிடிக்கவில்லை. "சும்மா குடுத்துக் குடுத்துப் பழக்குனா ஜனங்க சோம்பேறியாத்தான் போகும். யாரு வீட்டுக் காசு? நாம கட்டுற வரிலா," என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு பிரசங்கமே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. உழைக்காமல் ஒரு வெள்ளி தொட்டதில்லை என்ற பெருமை அவனுக்கு உண்டு, அது நியாயமான பெருமைதான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, பெற்ற பிள்ளையானாலும் அப்படித்தான். நான்காம் வகுப்போடு நின்றவள் நான். அரசாங்கம் எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ என்னவோ. ஆனால் வேலை செய்யாமல் அரிசி வாங்கித் தின்றவள் நான். அது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் காலம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால் வெட்டு நின்று, மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாக்குத்துணிதான் உடுப்பு. ஒரே ஒரு சட்டம்: காலைப் பெரட்டில் வந்து நின்று பெயர் கொடுத்தவருக்குத்தான் அந்த வாரத்து அரிசி. நிற்காதவருக்கு இல்லை. நான் முழுகாமல் இருந்தபோதே என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏற்றும்போது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொன்னார். வேறு எதுவும் சொல்ல விடவில்லை.

செல்வராசு பிறந்தபோது என்னைப் பார்த்தது பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருந்த மருத்துவச்சி மாக் தீமா. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது. பிள்ளையைத் துணியில் கட்டி மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் தொங்கவிட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தேன். கால் இரண்டும் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வழியாகக் கீரை பறித்துக்கொண்டு வந்த மாக் தீமா என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தார். 'பந்தாங், பந்தாங்' என்று என்னையும் கொல்லையையும் மாறி மாறிக் காட்டிக் கத்தினார். கூடாத காரியம் என்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு உடம்பு கூசிப் போனது. பிள்ளை பெற்ற தீட்டோடு பயிருக்குள் இறங்கிவிட்டேன், அதைத்தான் இந்த மலாய்க்கார அம்மா சொல்கிறார், என்னை விரட்டுகிறார் என்று நினைத்தேன். எங்கள் வழக்கம் அப்படி. எனக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை. அழுதுகொண்டே லயத்துக்குத் திரும்பினேன். தீட்டுக்காரிக்கு இனி அரிசி இல்லை, அரிசி இல்லாவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. அந்தப் பகல் முழுவதும் இதுவே ஓடியது மனதில்.

மாக் தீமா என்னை விரட்டிவிட்டு எங்கே போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. நேரே ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே கணக்கு எழுதி அரிசி அளக்கும் கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய குரல், யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷர். அவரை வாசலில் நிறுத்தி, பிள்ளை பெற்றவளை நாற்பது நாளாவது படுக்க வைக்காத நீங்களெல்லாம் என்ன ஜனம் என்று மாக் தீமா ஒரு பிடி பிடித்தாராம்.

அந்த வாரம் அரிசி போட்டபோது கிராணி ஐயா எப்போதும்போல் பால் டின்னைக் குமித்து அளக்கவில்லை. விளிம்போடு தலைதட்டி அளந்தார். வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. மாரிமுத்து என்பவர் முன்னால் வந்தார். மண்வெட்டி பிடிப்பதில் தோட்டத்திலேயே முதல் ஆள், வாயும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் பாப்பாத்தி அக்கா எனக்கு அதை நடித்தே காட்டினார்.

"என்னாங்கய்யா, டின்னுக்கு மொட்டை போட்டுட்டீங்க?"

"வழிச்ச அரிசி அஞ்சலைக்கு. அவ இந்த மாதம் படுத்திருக்கட்டும்."

"நாங்க மண்ணு கொத்துறோம், அவ படுத்துக்கிட்டே திம்பாளாக்கும்."

"நாளைக்கு உம்மட பெண்சாதி படுத்தாலும் நான் இப்பிடித்தான் அளப்பன்."

"எம் பொண்டாட்டி எங்கங்கய்யா படுக்கப்போறா, என்னையத்தான் படுக்கப் போட்டுருவா."

எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பில் காரியம் நடந்துவிட்டது. ஆனால் சிரிக்கும்போதும் கிராணி ஐயா ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்று அக்கா சொன்னார். பெரட்டுக்கு வராதவளுக்கு அரிசி கொடுத்தது ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் அவர் கதி என்ன என்பது சிரித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே விடவில்லை, மாரிமுத்து உட்பட.

இங்கேதான் என் கூத்து. வேலை செய்யாமல் வந்த அரிசியைச் சமைக்க எனக்குக் கை வரவில்லை. எங்கோ தவறு நடந்திருக்கிறது, திருப்பிக் கேட்பார்கள், அப்போது இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயம். பானைக்குள் போட்டுத் துணியால் மூடி வைத்துவிட்டு, அவித்த மரவள்ளியையே தின்றுகொண்டிருந்தேன். பால் வற்றியது. பிள்ளை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. பாப்பாத்தி அக்கா உப்புக் கேட்டு வந்தவர் பானையைத் திறந்து பார்த்துவிட்டார்.

"அரிசிய மூடி வச்சிக்கிட்டு புள்ளையப் பட்டினி போடுறியாடி?"

"கேட்டா திருப்பிக் குடுக்கணும்ல அக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்து உலையேற்றி, கஞ்சியை ஆற்றி, தானே ஊட்டினார். மறுநாள் மாக் தீமா வந்து ஒரு கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி என் வயிற்றில் ஒத்தடம் கொடுத்தார். தீட்டுக்காரியை யார் இப்படித் தொடுவார்கள்? அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பந்தாங் என்று அவர் கத்தியது பிள்ளை பெற்றவள் வேலை செய்யக் கூடாது என்றுதான், அந்த அம்மாவுக்குப் பயிரைப் பற்றிய கவலையே இல்லை. கவலை எல்லாம் என்னைப் பற்றித்தான். பிள்ளைக்கு மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. லயத்தில் அவன் அழுகை கேட்டபோது மாரிமுத்து, "ஏ, நம்ம அரிசி கத்துதுடா," என்றாராம்.

சோம்பேறி ஆனேனா என்று மகன் கேட்கலாம். எழுந்து நடக்க முடிந்த வாரமே பெரட்டில் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. என் பங்கிலும் இன்னொருவருக்காக டின்னைத் தலைதட்ட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். மாரிமுத்துவின் மனைவி காய்ச்சலில் விழுந்தபோது என் பங்கும் அதில் போனது. அந்த வாரம் நான் வாங்கிய குறைந்த அரிசி எனக்குத் தந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்தவர்களும் இருந்தார்கள், மறைப்பானேன். அவர்களுக்காக நிஜக் காய்ச்சல்காரர்களின் அரிசியை நிறுத்திவைக்கவில்லை கிராணி ஐயா. அரசாங்கம் என்பது எனக்கு இன்றைக்கும் அவர் கையிலிருந்த அந்த டின்தான். எல்லாருடையதிலும் கொஞ்சம் வழித்து, விழுந்தவருக்குக் கொடுப்பது.

சுற்றுலாவுக்குக் கடைசியில் செல்வராசுவே துணைக்கு வந்தான். பஸ் ஜித்ராவைத் தாண்டும்போது இந்தக் கதையை முதல் தடவையாக அவனிடம் சொன்னேன். பக்கத்து இருக்கை என்பதால் முகத்தைப் பார்க்காமல் பேச முடிந்தது. கேட்டு முடித்துவிட்டு, "அது பசிம்மா. பசிக்குக் குடுக்கலாம். ஊர் சுத்திப் பாக்கவுமா குடுக்கணும்?" என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சோறு கொடுக்கலாம் சரி, உல்லாசத்துக்கு எதற்கு?

பாடாங் பெசாரில் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள். எல்லாரும் போர்வை வாங்கவும் பழம் வாங்கவும் போனார்கள். எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்டவாளம் எல்லையைக் கடந்து சயாமுக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்த வழியாகத்தான் என் வீட்டுக்காரரையும் கொண்டு போயிருப்பார்கள். அவர் திரும்பவில்லை, சேதியும் இல்லை. இனி வரமாட்டார் என்பது தெரிந்த நாளிலும் நான் மரவள்ளி பிடுங்கினேன். பிறகு பால் வெட்டு, பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள். இத்தனை வருஷத்தில் அவருக்காக ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததில்லை. அன்றைக்குத்தான் கையில் வேலை இல்லை, அடுப்பில் உலை இல்லை, யாரும் என்னைத் தேடவில்லை. வாய்விட்டு அழுதேன். அழுவதற்கும் ஒரு லீவு வேண்டியிருக்கிறது. என் மகன் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். அந்த லீவைக் கொடுத்த அரசாங்கம் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் பஸ்ஸில் வந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடாகத் தேத்தண்ணீர் வாங்கி என் கையில் வைத்தாள். இந்தியா ஞாபகம் வந்துவிட்டதா மாச்சே என்று அவள் மொழியில் கேட்டாள். விளக்கிச் சொல்ல என் மலாய் போதாது, தலையை ஆட்டினேன். பாவம், அவள் என்னைத் தேற்ற மேற்கே கையை நீட்டி, இந்தியா அதோ, ரொம்பத் தூரமில்லை என்றாள். நான் அவள் விரலைப் பார்க்கவில்லை. என் கண் வடக்கே ஓடும் தண்டவாளத்தில் இருந்தது. எனக்குப் பின்னால், தெற்கே, பஸ் படியில் நின்று செல்வராசு கூப்பிட்டான்: "மெதுவா வாம்மா. பஸ்ஸ நிக்கச் சொல்லிட்டேன்."