கருப்பன் சாட்சி சொன்ன பட்டறை

கமுதியில் ஒரு மோட்டார் பட்டறைக்காரன் இருந்தான். என் அண்ணனைக் கொன்றவன் அவன்தான். அவன் செய்த மோசத்தை ஊர் கூடிய இடத்தில் வாய்விட்டே சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் பிளசர் காரை ஓட்டினான். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். முன் சக்கரங்கள் இரண்டையும் பிணைக்கும் இரும்புத் தண்டு தேய்ந்திருந்தது. டை ராடு என்பார்கள். மதுரையில் நல்லதாக வாங்கி மாட்டலாம் என்றான். பண்ணையாருக்கு அது பிடிக்கவில்லை.

"கமுதியில நம்ம சொந்தக்காரன் பட்டறை இருக்கையில மதுரைக்கு எதுக்குலே போற?"

சொந்தக்காரன் கறுப்புப் பெயின்ட் பளபளக்க ஒரு தண்டை மாட்டினான். "சீமைச் சாமான். ஒம் பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றானாம். நாசமாய்ப் போனவன்.

மறு வாரமே பண்ணையாரை வாலிநோக்கம் உப்பளத்தில் இறக்கிவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பினான். சிக்கல் ஊரைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையோடு சும்மா சுற்றியது. வண்டி புளியமரத்தில் மோதி, அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

"குடிச்சுப்புட்டு ஓட்டியிருக்கான்" என்றார் பண்ணையார். அண்ணன் கள்ளைக் கையால் தொட்டவன் இல்லை. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"காலு போனாப் போகட்டும் தாயி. குடிகாரப் பயன்னு பேரு வரக்கூடாது. ஊருல கேளு."

கேட்டேன். நொறுங்கிய காரை மாடு கட்டி இழுத்து வந்து போட்டிருந்தார்கள். ஒடிந்த தண்டை நானே எடுத்தேன். எங்கள் பக்கம் அரிவாள் வாங்கும் எந்தப் பொம்பளையும் கல்லில் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். நல்ல இரும்பு 'ணங்'கென்று பேசும். இது ஓட்டைச் சட்டி மாதிரி 'டொக்'கென்றது. சுரண்டினால் பெயின்டுக்கு அடியில் உப்பு அரித்துக் குழி குழியாக இருந்தது. ஒடிந்த வாயில் மஞ்சளாகப் பித்தளை. எந்த உப்பு லாரியிலோ இற்று ஒடிந்ததைப் பித்தளை ஊற்றி ஒட்டி, மேலே கறுப்பு அடித்து, சீமைச் சாமான் என்று மாட்டியிருக்கிறான்.

கருப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தண்டைக் கொண்டுபோய் நடுவில் போட்டேன்.

"பித்தளை தெரியுது, எல்லாரும் பாருங்க!"

ஒருத்தர் குனியவில்லை. "பொட்டச்சிக்கு வண்டிச் சாமானப் பத்தி என்ன தெரியும்?" என்றார் ஊர்ப் பெரியவர். "இரும்புக்கு வாயா இருக்கு? பட்டறைக்காரன் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். கருப்பன் கேக்கட்டும்."

எங்கள் ஊரில் அப்படித்தான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால், அமாவாசை வரை கெடு. பொய் சொன்னவன் வீட்டில் அதற்குள் ஒரு கேடு விழும். விழாவிட்டால் பழி சொன்னவன் பொய்யன். பட்டறைக்காரன் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தான். "நான் மாட்டுனது புதுச் சாமான்" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தான். கை நடுங்கவே இல்லை. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பது சும்மாவா?

அமாவாசை வரை எல்லாரும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அவன் வீடு பற்றி எரிய வேண்டும், அவன் கை அழுக வேண்டும் என்று தினமும் கருப்பனிடம் கேட்டேன். அழுகியது என் அண்ணன் கால்தான். டாக்டர்கள் காலையே வெட்டி எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் அண்ணன் செத்துப்போனான்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்கள் வாசலில் வந்தா அது நிற்க வேண்டும்?

இழவு வீட்டிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. "கருப்பன் காட்டிட்டாரு பாத்தியா? பொய்யாப் பழி சொன்ன வீட்டுல உசுரு போயிருச்சு." அந்தத் தண்டு கொன்ற சாவையே அந்தத் தண்டுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள், பாவிகள். பட்டறையில் அதற்கப்புறம் வண்டி நிற்க இடமில்லை. பரமக்குடியிலிருந்துகூட வந்தார்கள்.

காரியம் முடிந்ததும் எங்கள் அய்யா தேங்காய் பழத் தட்டோடு கிளம்பினார், பட்டறைக்காரனிடம் மன்னிப்புக் கேட்க. பெற்ற மகனைக் கொன்றவனிடம்! மதினியும் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். நான் வழியை மறித்துக் கத்தினேன். அய்யா என்னைத் தள்ளிவிட்டுப் போனார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு பேரும் அவன் காலில் விழுந்தார்கள். அவன் பெரிய மனுஷன் மாதிரி, "விடுங்கய்யா, நடந்தது நடந்துபோச்சு" என்றான். திருநீற்றை எடுத்துப் பிள்ளை நெற்றியில் பூசினான். கையைக்கூடக் கழுவவில்லை. திருநீற்றோடு வண்டி மசகும் சேர்ந்து கறுப்பாக அப்பியது.

வீட்டுக்கு வந்ததும் முந்தானையை நனைத்துத் துடைக்கப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடைக்காத. எம்பிள்ளையாவது உசுரோட இருக்கட்டும்."