குழந்தையாக உட்கார்ந்த தேர்வாளர்

தாளாளர் என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துவிட்டுத்தான் சொன்னார். வரும் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் மழலையர் பள்ளி புது முறைக்கு மாறுகிறது. குழந்தை தனக்குப் பிடித்த பொருளைத் தானே எடுத்து, தானே செய்து கற்றுக்கொள்ளும். ஆசிரியை ஒருமுறை செய்துகாட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதற்கான சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டுமே இனிச் சின்னக் குழந்தைகளின் வகுப்பு.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மிஸ். பாஸ் ஆகலீன்னாலும் ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு சேர் போட்டுத் தாரேனுங்க" என்றார்.

அந்த இடம் எனக்குத் தெரியும். சீருடைத் துணிக்கட்டுகள் அடுக்கிய அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து குழந்தைகளோடு இருந்து பழகியவள் நான். ஐம்பதை நெருங்கும்போது அந்தச் சுவரின் முன் போய் உட்கார என்னால் முடியாது. காபியை முழுவதும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வார இறுதிகளில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ் ஏறிக் கோவைக்குப் போய்ப் படித்தேன். எழுத்துத் தேர்வு எனக்குப் பயம் தரவில்லை. ஒவ்வொரு பொருளையும் எப்படிக் காட்டுவது என்று படம் வரைந்து, படிப்படியாக எழுதித் தர வேண்டும். கோடு போட்டு, இரண்டு நிற மையில் எழுதினேன். பயிற்சி மையத்தில் அதை மற்றவர்களுக்குச் சுற்றுக்கு விட்டார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

பயமெல்லாம் செய்முறைத் தேர்வில்தான். சீட்டு எடுக்க வேண்டும். அதில் வந்த பொருளை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பாயில் வைக்க வேண்டும். தேர்வாளர் எதிரே நாலு வயதுக் குழந்தையாக உட்காருவார். குழந்தை என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் அவர் செய்யலாம். போன வருடம் தேறாமல் மறுபடி எழுத வந்திருந்த ஒரு பெண், தன்னுடைய தேர்வாளர் எழுத்து அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்ததை மதியச் சாப்பாட்டின்போது நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்தேன்.

வீட்டில் என் கணவரைக் குழந்தையாக உட்காரவைத்துப் பழகினேன். அவர் பம்பு செய்யும் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். குமிழ் வைத்த மர உருளைகளை வெளியே எடுத்து, பருமன் பார்த்து அந்தந்தக் குழியில் திருப்பிப் போடும் கட்டை ஒன்று உண்டு. அதைப் பழகுவதற்காக அவரே கடைந்து தந்தார். குழியோடு அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியதில் பாதி உருளைகள் வெளியே வரவே இல்லை. தேய்த்துத் தந்தபின் லுங்கியை மடக்கிப் பாயில் உட்கார்ந்து, நான் காட்டியதைப் பிசகாமல் செய்தார். அது எனக்கு உதவவில்லை. குழந்தை மாதிரி ஏதாவது அடம் பிடியுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முறுக்கு இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த படி எனக்கு மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் முறுக்குக் கேட்டார். பேசாமல் உருளையைப் பிடியுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் குமிழின்மேல் அழுத்திவிட்டேன்.

"உன்கிட்ட மாட்டுன புள்ளைங்க பாவம் அம்மணி" என்று சிரித்தார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முதல் என் கையைக் கண்டால் எனக்கே பயம் வந்துவிட்டது. சோறு பரிமாறும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் அதைக் கவனித்தேன். தேர்வில் அது என்னைக் கேட்காமலே முன்னால் போய்விடும் என்று தோன்றியது.

தேர்வு நாளில் உள்ளங்கை வியர்த்து ஒழுகியது. இது நடக்கும் என்று தெரிந்து, பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டில் துவைத்த துண்டு ஒன்றைக் கணவர் பையில் போட்டிருந்தார். அதில் துடைத்துக்கொண்டு சீட்டு எடுத்தேன். உருளைக் கட்டை. எனக்கு நன்றாகத் தெரிந்ததே வந்ததில் பயம் கூடியது. இதிலும் தவறினால் சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மிஞ்சாது.

தேர்வாளர் நரைத்த தலை, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். நான் மூன்று விரலால் குமிழைப் பிடித்து, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். பேசக் கூடாது, பேசவில்லை. பிறகு கட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

இரண்டு உருளைகளை எடுத்தார். ஒன்றைப் பெரிய குழியில் போட்டார். அது உள்ளே கலகலவென்று ஆடியது. திருத்தக் கூடாது, தவறைக் கட்டையே காட்டிக்கொடுக்கும். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். எழுந்து ஜன்னலருகே போய், வெளியே நின்ற தண்ணீர் லாரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் எழுதி வைத்த படிகளில் இது இல்லை. முடிக்காவிட்டால் மதிப்பெண் கிடைக்குமா என்று தெரியவில்லை. வாங்க, உட்காருங்க என்று கூப்பிட நாக்கு வரை வந்தது. அவ்வளவு பெரியவரை, அதுவும் முழங்கால் வலியோடு எழுந்து நிற்கிறவரை, எப்படி உட்கார் என்று சொல்வது? "சரிங்க கண்ணு" என்று மட்டும் வாயில் வந்தது. உருளைகளை நானே குழிகளில் போட்டு, கட்டையை அலமாரியில் வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டினேன். சீருடைத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் அடித்தது போலிருந்தது.

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் என்னைத் திரும்பக் கூப்பிடல?"

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களேங்க."

"நாலு வயசுக் குழந்தை சொன்னாலும் விடுவீங்களா?"

"விடுவேனுங்க."

அவர் எதையோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார். முடிவு வந்தபோது நான் தேறியிருந்தேன். வேண்டாம் என்கிற குழந்தையை விட்டுவிடுவதுதான் அந்த முறையில் சரியாம். கணவர் பட்டறைக்கு லட்டு வாங்கிப் போனார். தாளாளர் சால்வை போர்த்தினார். வகுப்பு எனக்கே கிடைத்தது. ஆனால் அந்த 'விடுவேனுங்க' என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் விட்டது தேர்வாளருக்குப் பயந்து. குழந்தைக்குப் பயப்பட வேண்டியதில்லையே.

ஜூனில், பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அந்தச் சோதனை வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் குழந்தை. கட்டையை அவளேதான் எடுத்துவந்தாள். இரண்டு உருளை போட்டாள். "வேணாங்க மிஸ்" என்று எழுந்தாள். நான் நினைப்பதற்குள் என் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. சூடான, சின்ன மணிக்கட்டு. அவள் இழுக்கவில்லை. அடுத்து நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கையை எடுக்க முடிந்தது. அவள் நடந்துபோய் அலமாரிக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர், சேர்க்கைக்கு வந்த ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க மிஸ், அந்தப் பாப்பா சும்மா படுத்திருக்குதுங்களே. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று அந்தத் தம்பதியில் ஒருவர் கேட்டார். தாளாளர் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். காபி வரவழைத்த அன்றும் அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

ஒரு வார்த்தை அதட்டினால் அவள் எழுந்து வந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும்.

"பாப்பாவுக்கு இப்ப வேண்டாமாமுங்க. கொஞ்சம் இருக்கட்டுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுத்த வகுப்புப் பக்கம் நடந்தார்கள். நான் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டேன். குழந்தை சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தாள். தாளாளர் இன்னும் வாசலிலேயே நின்றார்.