முடிவுக்கு முன்பே கட்டிய பேனர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத திபுர்சியோ, கொப்பரை வியாபாரத்தில் மூட்டை சுமந்த தன் முதுகை மட்டும் நம்பி முன்னேறியவர். அவர் வந்தால் மேயரே எழுந்து நிற்பார். சமார் தீவுக்கு அரசு அறிவியல் பள்ளி வந்ததே அவர் எழுதிக் கொடுத்த நிலத்தில்தான். பேத்தி அமிஹானுக்கு அங்கே இடம் நிச்சயம் என்று நம்பி, நுழைவுத் தேர்வு முடிவு வருமுன்பே அவள் படம் போட்ட வாழ்த்துப் பேனரை வாசலில் கட்டிவிட்டார். முடிவு வந்தது. அவள் தேறவில்லை.

முழுசாகச் சுட்ட பன்றியோடு பள்ளி இயக்குநர் ரொவேனாவிடம் போனார். ஞானஸ்நானத்தின்போது அவர் பொறுப்பேற்ற ஞானமகள் அவள்.

“ஒரே ஒரு எடம்மா. நீ ஒக்காந்திருக்கிறதே என் நெலத்துல.”

“ஞானப்பா, சேர்க்கை மணிலா ஆட்சிக்குழு கையில. என் மகனுக்கே கெடைக்கல.”

“அப்ப பன்னியவாவது வாங்கிக்க.”

“அதையும் எடுத்துட்டுப் போங்க.”

வீட்டில் அமிஹான் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பார்த்துச் சிரிக்கிறாங்க, தாத்தா.”

திபுர்சியோ அதை வாங்கிச் சுருட்டினார். மழை பிடித்ததும் அந்தப் பேனரையே கொப்பரை மூட்டைகள்மேல் போர்த்தினார், அவள் முகம் உட்பக்கமாக இருக்கும்படி.