வெள்ளைக் கல் கேட்ட வசந்தா டீச்சர்

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பிரபு போன் செய்தான். வசந்தா டீச்சரின் மகன், சென்னையில் வேலை. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. பக்கத்து வீட்ல இருந்து இப்பதான் சொன்னாங்க. நான் வந்துகினே இருக்கேன், நீங்க போய்க் கூட இருங்க" என்றான். கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தூக்கத்திலேயே மாரடைப்பாம். முகம் அமைதியாக இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் வரலாறு. கிரகணத்தன்று ஊரே சமைக்காமல் உட்கார்ந்திருக்க, இவர் மாணவிகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், அட்டையில் துளை போட்டுத் தரையில் சூரியனைக் காட்டி, கையோடு சுண்டலும் கொடுத்தார். சண்டைக்கு வந்த பெற்றோரிடம், "வயித்து வலி வந்தா சொல்லுங்க, நானே டாக்டர்கிட்ட கூட்டிகினு போறேன்" என்றார். யாருக்கும் வரவில்லை.

அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் டீச்சரும் வாஸ்துவை நம்ப ஆரம்பித்துவிட்டாராம், சமையல் மேடைக்கு வெள்ளைக் கல் போட்டதே அதற்காகத்தானாம். சொன்னவர் எங்களோடு வேலை பார்த்தவர். சொல்லும்போது ஒரு சிரிப்பு வேறு. அவரைத் தெரிந்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இனி அவரை யாரும் எங்கேயும் அழைத்துப்போக முடியாது என்பதால் உண்மையைச் சொல்லிவிடலாம்.

டீச்சருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் போனபோது சமையலறையில் புகை. பழைய கடப்பாக்கல் மேடைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார். அதன் ஓரம் அடுப்பில் பட்டு எரிகிறது, அவரோ அது எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கிறார். தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கறுப்புக் கல்லில் கத்தியும் தெரியவில்லை, கடுகும் தெரியவில்லை, துணி விரித்தால் கொஞ்சம் தெரிகிறது என்றார். வேலூரில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். செய்வதற்கு ஒன்றுமில்லை, இருக்கிற பார்வையும் மெல்லப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"பிரபுகிட்ட சொல்லிடாதே. சொன்னா வீட்டைப் பூட்டிகினு என்னைக் கூட்டிப் போயிடுவான். நல்ல பையன், அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த நல்ல பையன்தான், அம்மா ஒழுகுகிற சமையலறையில் கஷ்டப்படுகிறாளே என்று எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டினான். கல் பார்க்கக் கண்ணமங்கலம் ரோட்டுக் கடைக்குப் போனபோது டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிரபுவுக்கும் அவன் மனைவி திவ்யாவுக்கும் பளபளக்கிற கறுப்பு கிரானைட் பிடித்துப்போயிற்று. கடைக்காரரும், "கறுப்பு போடுங்கம்மா, மேல எது கொட்டினாலும் ஒண்ணுமே தெரியாது" என்று புகழ்ந்தார். டீச்சர் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

வெள்ளை போடலாமே என்று கேட்டுப் பார்த்தார். கறை படியும், இந்த வயதில் துடைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்றான் பிரபு. வெளிச்சமாக இருக்குமே என்றார். நான்கு லைட் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றான். கல் அறுக்கிறவர் டேப்போடு வந்துவிட்டார். நான் எதையாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"அக்னி மூலையில கறுப்புக் கல்லு ஆகாதாம்பா. வாஸ்துக்காரர் சொன்னார். வந்த மருமகளுக்குத்தான் ஆகாதாம்."

"நீயாம்மா இதைப் பேசறே?" என்று பிரபு வாயைப் பிளந்தான். திவ்யா முகம் மாறி, "ஆகாதுன்னா வேணாங்க" என்றாள். அதோடு வெள்ளைக் கல் முடிவானது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதார். பள்ளியில் எத்தனையோ பேர் அவரை அவமானப்படுத்தியபோதும் அழாதவர். "இத்தனை வருஷம் புள்ளைங்களுக்குச் சொல்லிகினு வந்ததை எல்லாம் அந்தக் கடையிலேயே வித்துட்டு வந்துட்டேன். வேற வழி தெரியலம்மா. சென்னைக்குப் போனா உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு?"

வெள்ளைக் கல் அவருக்குச் சில மாதங்கள் வாங்கிக் கொடுத்தது. தன் குழம்பைத் தானே தாளித்தார். மஞ்சள் கறை தெரிகிறது என்று சந்தோஷப்பட்ட ஒரே மனுஷி அவராகத்தான் இருப்பார். பிறகு அதுவும் மங்கிவிட்டது. போன மாதம் மேடைமேல் உள்ளங்கையை வைத்து, "இதுக்கு மேல வெள்ளையா கல்லு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

காரியம் முடிந்து எல்லோரும் போனபின் பிரபுவிடம் சொன்னேன். வெகுநேரம் அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"சொல்லியிருந்தா இங்க விட்டிருப்பியா?"

அவன் அழுதான்.

டீச்சர் கடைசிவரை வாஸ்துவை நம்பவில்லை. சொந்த அடுப்பை விட்டுப் போகப் பயந்தார், அவ்வளவுதான். ஓசூரிலிருந்து என் மகள் தினமும் போனில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, நன்றாக இருக்கிறது என்கிறேன். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.