பலகைத் தரையில் தேங்காய் எண்ணெய்

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன் பள்ளி மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கல்லலிலிருந்து ஜெயராணி டீச்சரின் தம்பி போனில் பேசினார். "அக்கா போயிட்டாகம்மா" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நெஞ்சை அடைக்கிறது என்று போன வாரமே சொன்னவர், வாயுவாக இருக்கும் என்று ஓமத்தை மென்றுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று நான் கத்தியதுதான் மிச்சம்.

பிள்ளைகளை இங்கே அனுப்பிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அமராவதிபுதூரில் பழைய வீடொன்றின் மாடியில் எங்கள் மழலைப் பள்ளி. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலே பர்மாத் தேக்குப் பலகை. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். பலகை கெட்டால் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராவது இதற்குச் சம்மதிப்பார்களா? டீச்சர் சம்மதித்தார். செருப்பெல்லாம் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றது. ஏறுமுன் காலில் ஒட்டிய மணலைச் சாக்கில் துடைக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினோம். சக்கரம் வைத்த பொம்மைகள் ஜமுக்காளத்தை விட்டு இறங்கக் கூடாது. பலகையை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அதற்காகப் பிள்ளைகளை மிரட்ட விடமாட்டார். டம்ளரைக் கவிழ்த்த ஒரு குட்டியை நான் அதட்டியபோது, பழைய வேட்டித் துணியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தரை இன்னும் நூறு வருசம் கெடக்கும் சாந்தி. இந்தப் புள்ளைக இங்குட்டு ரெண்டு வருசந்தான் ஓடும்."

ஒரு வருடம், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக வீட்டுக்காரர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. மாடி அவர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல்லை எப்படித் துடைப்போமோ அப்படியே, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பலகை முழுக்கத் துடைத்துவிட்டேன். அதுவும் தாராளமாக. அப்படியொரு மினுமினுப்பு! டீச்சர் வந்து பார்ப்பதற்குள் நாலு வயது முகிலன் ஓடி வந்து வழுக்கி விழுந்தான். முகவாய் தரையில் மோதி நாடி கிழிந்துவிட்டது. டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினார்.

மூன்று தையலோடு திரும்பி வந்தார்கள். யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் போல என்று டீச்சரிடம் வாய் கூசாமல் சொன்னேன். அவர் குனிந்து தரையைத் தொட்டு விரலை முகர்ந்தார். திட்டவில்லை.

"சாயங்காலம் அவுக அம்மா வருவாக. நீயே சொல்லிரு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. பிள்ளைகள் விழுவது உலகத்தில் இல்லாததா? ஓடி விழுந்தான் என்றால் முடிந்தது. ஆனாலும் சொன்னேன். எண்ணெய் போட்டதையும் பொய் சொன்னதையும் சொன்னேன். டீச்சர் தோள் உரசப் பக்கத்தில் நின்றாரே தவிர எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. முகிலனின் அம்மா கவிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனி அவன் வரமாட்டான், என்னை நம்பி ஒருவரும் பிள்ளை விடமாட்டார்கள் என்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். பலகை ஏன் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கிறது என்று குரலை உயர்த்தினார். டீச்சர் நடந்ததைச் சொல்லிவிட்டு, "பலகைய நாங்க தேச்சு எடுத்துருவோம்ணே. ஒரு புள்ளைக்கு நாடியில மூணு தையல் போட்டிருக்கு, அதை மொதல்ல கேளுங்க" என்றார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அந்த மனிதர் கேட்டார். காலி செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் நானும் மரத்தூளைத் தூவித் தூவி முட்டி தேயத் தேய்த்தோம். அன்றைக்கும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, மதியத்துக்கு மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை படிக்கட்டில் கவிதா. இடுப்பில் முகிலன், நாடியில் பிளாஸ்திரி. நான் பின்னால் போய் அலமாரியோடு ஒட்டி நின்றுகொண்டேன். டீச்சர் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாந்தி, வந்து தூக்கு."

கவிதா என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடுத்தார்.

என் மேல் தப்பில்லை என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தே பிள்ளையை என் கையில் வாங்க வைத்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். அவர் இல்லாமல் பள்ளி நடக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை பள்ளி உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் படிக்கட்டில் நிற்பேன்.